எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் போய்ப் பெரிய அலைகளைப் படம் எடுக்க எந்தக் கடற்கரை நல்லது?

நவம்பர் கடைசி வாரம் மகனைப் பார்க்க எடின்பரோ வருகிறீர்கள். அதில் ஒரே ஒரு நாள்தான் உங்களுக்கென்று கிடைக்கும். கார் கிடையாது. கையில் 70-200 லென்ஸ் இருக்கிறது, முட்டம் பாறைகளில் பல வருடம் அலை எடுத்த பழக்கமும் இருக்கிறது. எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது ஊரின் பெயர்தான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்த ஒரு நாளில் அலை இல்லாமல் போய்விட்டால்? அதற்குப் பதில் சொல்லாமல் ஊர் பெயரை மட்டும் சொன்னால் உங்கள் நாள் வீணாகப் போக வாய்ப்பு அதிகம். நான் 14 வருடமாக எடின்பரோவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் முடிந்த வாரக்கடைசிகளில் எல்லாம் இந்தக் கிழக்குக் கரையில்தான் நிற்பேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: ஊரை இப்போதே முடிவு செய்யாதீர்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்த்து, முந்தைய இரவு முடிவு செய்யுங்கள்.

முதலில் காற்று. ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நாட்கள் காற்று தென்மேற்கிலிருந்து வரும். அட்லாண்டிக் புயல்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் ஏறி வருகின்றன. எடின்பரோ இருப்பதோ கிழக்குப் பக்கம். அதனால் என்ன ஆகிறது என்றால், ஊரில் குப்பைத்தொட்டி உருளும், குடை திரும்பிக்கொள்ளும், ஜன்னல் இரவெல்லாம் அதிரும். இன்றைக்குக் கடல் கொந்தளிக்கும் என்று நம்பி ரயிலேறிப் போனால் அங்கே அது குளம் மாதிரிக் கிடக்கும். காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கி அடிக்கிறது, அலை எழும்ப அதற்கு நீர்ப்பரப்பில் தூரமே கிடைப்பதில்லை. வந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு முறை அப்படிப் போய் வெறும் கையோடு திரும்பினேன். அலை என்பது காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் அடிக்கிறது, எவ்வளவு தூரம் தடையில்லாமல் நீரின் மேல் ஓடுகிறது ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்குவது. இந்தக் கரைக்கு அந்தத் தூரம் வடக்கு, வடகிழக்கு, கிழக்குத் திசைகளில்தான் இருக்கிறது. அதிலும் வடக்குதான் நீளம்: நார்வேக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே திறந்து கிடக்கும் கடலிலிருந்து நேராக இறங்கி வரும்.

இரண்டாவது, அலையின் இடைவெளி. குமரி மாவட்டக்காரரான உங்களுக்குக் கள்ளக்கடல் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. கரையில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே அடித்த புயலின் அலை வந்து ஊருக்குள் ஏறும். இங்கேயும் அதே சங்கதிதான், அளவு மட்டும் வேறு. வானிலை முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பக்கத்திலேயே வினாடிக் கணக்கில் ஒரு எண் இருக்கும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே உள்ள நேரம் அது. 2 மீட்டர், 5 வினாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய குட்டி அலைகள். கடல் கலங்கலாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். அதே 2 மீட்டர், 12 வினாடி என்றால் ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அலை. பாறையில் வந்து மோதும்போது இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. இன்னொன்று, அந்த உயரம் மிகப் பெரிய அலையின் உயரம் அல்ல. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதன்படி 3 மீட்டர் என்று போட்டிருக்கும் நாளில் நடுவே ஒரு அலை 6 மீட்டருக்கு வருவது அதிசயமே இல்லை. படத்துக்கு அது வரம், நிற்கும் இடத்துக்கு அது ஆபத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, ஓதம். இதில்தான் ஊர்ப் பழக்கம் உங்களைக் கைவிடும். நம் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைத் தாண்டாது, அதனால் அலை எடுக்கப் போகும்போது யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. இங்கே எடின்பரோவை ஒட்டியிருக்கும் ஃபோர்த் கழிமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் சுமார் 5 மீட்டர் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் போனால் அலை நூறு மீட்டருக்கு அப்பால் தட்டைப் பாறைகளின் மேல் நுரைத்துச் செத்துப்போகும். ஏறிய நேரத்தில் அதே அலை துறைமுகச் சுவரின் தலைக்கு மேல் எழும்பும். உயர் ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும், அவ்வளவுதான் உங்கள் நாள். மீதியெல்லாம் பயணமும் காத்திருப்பும்.

இதில் இந்தக் கரைக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. எடின்பரோவின் துறைமுகமான லீத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயர் ஓதம் எப்போதுமே பின்னிரவு 2 முதல் 4 மணிக்குள்ளும், பிற்பகல் அதே நேரத்திலும்தான் வரும். அரைநிலா நாட்களில் அது காலை, இரவு எட்டு ஒன்பது மணிப் பக்கம் போய்விடும், ஏற்றமும் குறைவு. நவம்பர் கடைசியில் எடின்பரோவில் காலை 8 மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும், மாலை 3:45 வாக்கில் மறைந்துவிடும். நடுப்பகலில்கூட அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரம்தான் ஏறும். அதாவது ஊரில் காலை ஏழு மணிக்குக் கிடைக்கும் சாய்வு வெளிச்சம் இங்கே பகல் முழுக்கக் கிடைக்கும். ஆகவே அந்த வாரத்தில் எந்த நாள் என்பது உங்கள் கையில் இருந்தால், அமாவாசை அல்லது பௌர்ணமிக்குப் பக்கத்து நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பெருகிய கடலும் கடைசி வெளிச்சமும் ஒரே நேரத்தில் கூடிவரும். அரைநிலா வாரம் என்றால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள்.

இப்போது ஊர்கள். காற்றோ அலையோ வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தால் டன்பார். எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, நிலையத்திலிருந்து துறைமுகம் நடக்கிற தூரம். துறைமுக வாயிலில் ஒரு பழைய கோட்டையின் மிச்சம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டுவதற்காக அந்தக் கோட்டையின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய சிவப்புக் கற்சுவர்களில் கோடையில் கிட்டிவேக் பறவைகள் கூடு கட்டும், நீங்கள் வரும்போது வெறும் கல்தான். அந்தச் சிவப்புக் கல்லின் மேல் வெள்ளை நுரை ஏறி வழிவதுதான் டன்பாரின் படம். 1781ல் பீரங்கி வைக்கக் கட்டிய பேட்டரி என்ற சிறு அரண் துறைமுகத்தின் கடல் பக்கம் இருக்கிறது, அங்கிருந்து பார்வை நன்றாக இருக்கும். அலையே அதன் மேல் விழுகிற நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஊர்ப்பக்கக் குன்றிலிருந்தே 200 மில்லிமீட்டரில் எடுக்கலாம்.

கிழக்கு, தென்கிழக்குக் காற்று என்றால் கழிமுகத்தின் எதிர்க்கரையில், ஃபைஃப் பகுதியில் இருக்கும் செயின்ட் மோனன்ஸ் என்ற மீனவச் சிற்றூர். அங்கே கோணல் மாணலாக வளைந்து வளைந்து கடலுக்குள் போகும் ஒரு அலைதடுப்புச் சுவர் இருக்கிறது. இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கும் ஸ்காட்டிஷ் அலைப்படங்களில் பல அங்கே எடுத்தவை. அந்த வளைவுகள்தான் விஷயம். ஒரு மடிப்பில் மோதித் திரும்பும் அலை, அடுத்து வரும் அலையை எதிர்கொள்ளும்போது இரண்டும் சேர்ந்து தூண் மாதிரி நேராக மேலே எழும்பும். 2024 ஜூனிலிருந்து லீவன் வரை ரயில் ஓடுகிறது. எடின்பரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அங்கிருந்து பஸ். டன்பாரை விட அலைச்சல்தான். ஆனாலும் ஒரே ஒரு நாள் என்றால், காற்று ஒத்துழைத்தால், நான் இங்கேதான் போவேன். காரணம் வெளிச்சம். டன்பார் வடக்கு பார்த்த கரை, குளிர்கால வெயில் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து விழும், அலை வெள்ளையாக, தட்டையாகத் தெரியும். செயின்ட் மோனன்ஸ் தெற்கு பார்த்த கரை, தாழ்ந்த சூரியன் அலைக்குப் பின்னால் நிற்கும். முகடு உடைவதற்குச் சற்று முன் மெலிந்து நிற்கிற அந்த அரை வினாடியில் வெளிச்சம் தண்ணீருக்குள் புகுந்து பாட்டில் கண்ணாடிப் பச்சையில் ஒளிரும். சிதறும் ஒவ்வொரு துளிக்கும் விளிம்பு கட்டும்.

டன்பாருக்கும் தெற்கே ஐமவுத் இருக்கிறது. கார் இல்லாமல் கொஞ்சம் சிரமம்; 2022ல் மீண்டும் திறந்த ரெஸ்டன் நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடிக்கலாம். வடகிழக்கிலிருந்து அலை வந்தால் விரிகுடா வாயிலில் இருக்கும் ஹர்க்கர் பாறைகளின் மேல் அது உடைவதைக் கரையில் பத்திரமாக நின்றே எடுக்கலாம். ஆனால் அந்தப் பாறைகள் எவை என்று தெரிந்துகொண்டு போங்கள். 1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. காலையில் கடல் அமைதியாக இருந்தது. காற்றழுத்தமானி மட்டும் மிகவும் இறங்கிக் கிடந்தது. பல நாள் கரையில் முடங்கிக் கிடந்த மீனவர்கள் படகை எடுத்தார்கள். நண்பகலில் புயல் அடித்தது. இந்தக் கரையைச் சேர்ந்த 189 பேர் இறந்தார்கள், அதில் 129 பேர் ஐமவுத்காரர்கள். சில படகுகள் வீடு வந்து சேரும் கடைசி நிமிடத்தில், கரையில் நின்ற குடும்பங்களின் கண்ணெதிரே அந்தப் பாறைகளில் உடைந்தன. இன்று அங்கே ஒரு வெண்கலச் சிற்ப வரிசை இருக்கிறது: சின்னச் சின்ன உருவங்களாகப் பெண்களும் குழந்தைகளும் நெருக்கியடித்து நின்று கடலைப் பார்க்கிறார்கள். முதன்முறை அதன் முன் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அப்புறம் கேமராவை எடுக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

காற்று வழக்கம்போல் தென்மேற்கு என்றால் கிழக்குக் கரையை மறந்துவிட்டு கிளாஸ்கோ வழியாக மேற்குக் கரையில் இருக்கும் சால்ட்கோட்ஸ் போங்கள், போக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரயில் பாதையே கடல் சுவரை ஒட்டி ஓடுகிறது, அலை தண்டவாளத்தின் மேல் விழும். அதே காரணத்தால் புயல் நாளில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், திரும்பும் வழியை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். தர்சோ, லூயிஸ் தீவு என்றெல்லாம் சிலர் உங்களிடம் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய அலைகள் அந்தப் பக்கம்தான், ஆனால் எடின்பரோவிலிருந்து அது ஒரு நாள் பயணமே அல்ல. எங்குமே காற்றில்லாத நாள் என்றால் நார்த் பெரிக் போய், தூரத்தில் கடலுக்குள் நிற்கும் பாஸ் ராக் என்ற பெரும்பாறை தெரிய, மணலில் வந்து மடியும் சின்ன அலைகளை மெதுவான ஷட்டரில் எடுங்கள். அந்தப் பாறையை வெள்ளையாக மூடியிருக்கும் கேனட் பறவைகள் அப்போது தெற்கே போயிருக்கும், பாறை இருக்கும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஓத நேரம் உறுதி. வருடக்கணக்கில் முன்பே சொல்லிவிடலாம், அட்மிரால்டியின் ஈஸிடைட் தளத்தில் ஒரு வாரத்துக்கு இலவசமாகப் பார்க்கலாம். காற்றின் திசையை மூன்று நாள் முன்னால் ஓரளவு நம்பலாம், ஒரு வாரம் முன்னால் நம்ப முடியாது. அலையின் உயரத்தை முந்தைய மாலை வரை நம்ப வேண்டாம். நான் செய்வது, கிளம்பும் காலையில் ஃபோர்த் கழிமுகத்தில் மிதக்கும் அலை அளவி மிதவையின் எண்ணைப் பார்ப்பது. அது முன்னறிவிப்பு அல்ல, அந்த நேரத்தில் கடலில் உண்மையில் இருப்பது. மற்றபடி, எந்த இடம் நல்ல படம் தரும் என்பதெல்லாம் என் ரசனை. வேறொருவர் டன்பார்தான் சிறந்தது என்று சொன்னால் அவரும் சரியே.

புயல் நாளை விட மறுநாள் எனக்குப் பிடிக்கும். புயல் கடந்து காற்று மேற்குக்குத் திரும்பியிருக்கும், ஆனால் முந்தைய நாள் வடக்கே கிளம்பிய அலை இன்னும் வந்துகொண்டிருக்கும். கரையிலிருந்து அடிக்கும் காற்று முகட்டை எதிர்த்து நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து தூறலைக் கடல் பக்கம் வாரி எறியும், குதிரையின் பிடரி மாதிரி. லென்ஸிலும் உப்பு படியாது. ரயிலும் ஓடும்.

எடுக்கும் முறையில் உங்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை, இங்கே மாறுகிறவற்றை மட்டும் சொல்கிறேன். வெளிச்சம் குறைவு என்பதால் துளிகளை உறைய வைக்க 1/1000 வினாடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று தயங்காமல் ஏற்றுங்கள். வானம் சாம்பல், கடல் சாம்பல், நுரை மட்டும் வெள்ளை. கேமரா சராசரி பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், நுரையில் ஒரு விவரமும் மிஞ்சாது. ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறையுங்கள். சுவரோ கலங்கரை விளக்கமோ மனிதரோ ஃபிரேமில் இல்லாவிட்டால் 6 மீட்டர் அலையும் அரை மீட்டர் அலையும் படத்தில் ஒன்றுதான். எப்போது அழுத்துவது என்பதற்குப் பாறையின் அடியைக் கவனியுங்கள். பெரிய அலை வருமுன் அந்த இடத்துத் தண்ணீர் பின்னுக்கு இழுபடும், வழக்கமாக மூழ்கியே கிடக்கும் பழுப்புக் கடற்பாசி சட்டென்று வெளியே வந்து தொங்கும். அது தெரிந்தவுடன் விரல் தயாராக இருக்க வேண்டும், இரண்டு மூன்று வினாடிகள்தான்.

நிற்கும் இடத்தையும் பாறையே சொல்லும். இந்தக் கரைகளில் பாறையின் மேல்பகுதியில் மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் லைக்கன் என்ற பாசி மாதிரியான படலம் படர்ந்திருக்கும், அதற்குக் கீழே தார் பூசிய மாதிரி ஒரு கறுப்புப் பட்டை, அதற்கும் கீழே பாறையோடு ஒட்டி வாழும் ஓட்டுயிர்களான கொட்டலசுகள். கறுப்புப் பட்டை அலை அடிக்கடி தெறிக்கும் எல்லை, நனைந்தால் பனிக்கட்டி மாதிரி வழுக்கும். அதில் கால் வைக்காதீர்கள். பெரிய அலை நாளில் மஞ்சளும் பத்திரமில்லை. போனவுடன் கேமராவை எடுக்காமல் இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள், அலை எவ்வளவு தூரம் வரை நனைக்கிறது என்று. ஆறேழு வருடம் முன்னால் அந்த இருபது நிமிடத்தை ஐந்தாகக் குறைத்தேன். காய்ந்திருந்த பாறையில் பையை வைத்துவிட்டு நாலடி முன்னால் நின்றேன். முழங்கால் அளவுதான் வந்தது தண்ணீர், காலைப் பிடுங்கிவிட்டது. ஒரு இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டேன், பை போய்விட்டது. முட்டத்தில் விழுந்தால் நீந்திக் கரையேறலாம் என்று ஒரு தைரியம் இருக்கும். இங்கே நவம்பர் கடைசியில் தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கம். விழுந்தவுடன் குளிர் அதிர்ச்சியில் மூச்சு தானாக இழுக்கும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. மூச்சு அடங்கும் வரை மல்லாந்து மிதப்பதுதான் இங்குள்ள மீட்புப் படையினர் சொல்லித் தருவது. யாராவது விழுந்தால் 999 அழைத்து கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள், நீங்கள் பின்னால் குதிக்காதீர்கள். பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆஃபிஸ் காற்றுக்கு ஆம்பரோ சிவப்போ எச்சரிக்கை கொடுத்திருந்தால் அன்று போகவே வேண்டாம். 2021 நவம்பர் 26ஆம் தேதி ஆர்வென் புயலுக்கு இந்தக் கரைக்கே சிவப்பு எச்சரிக்கை வந்தது. வடக்கிலிருந்து அடித்த காற்று, நான் வருடக்கணக்காகக் காத்திருந்த திசை. வீட்டிலேயே இருந்தேன். அதில் விழுந்த மரங்களைப் பிறகு பார்த்தபோது, போயிருந்தால் கடற்கரைக்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன் என்று புரிந்தது.

லென்ஸில் உப்புத்துளி விழுந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். சின்ன பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோய் நனைத்துத் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. அப்படித் துணி நாலைந்து வேண்டும், ஒன்று பத்து நிமிடம்கூட வராது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். திரும்பும்போது ரயிலில் ஏறுவதற்கு முன்பே கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள், பெட்டியின் சூட்டில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். டிரைபாட் கால்களை அன்று இரவே குளியலறையில் கழுவிவிடுங்கள். தேதி உறுதியானதும் இங்கேயே எழுதுங்கள். முந்தைய மாலை காற்றையும் மிதவையையும் பார்த்துவிட்டு, டன்பாரா செயின்ட் மோனன்ஸா, எத்தனை மணி ரயில் என்று சொல்கிறேன்.